மேட்டுக்கொல்லைத் தண்ணீர்

போன வாரம் என் மகள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போயிருந்தேன். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டினால், வெளிநாட்டுக்காரர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பாயில் சம்மணம் போட்டுக் காபி குடிக்கும் கடைகள் இருக்குமே, அவற்றில் ஒன்று. சமையல்கட்டுக்குச் சாமான் பார்த்து வாங்கிப் போடுவது அவள் பொறுப்பு. கார்த்திகை தீபம் நெருங்கும் சமயம். கூட்டத்தில் இடிபட்டுப் பின்கட்டுக்குள் நுழைந்தால், ஒரு மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டியிருந்தார்கள். பச்சை மல்லாட்டை. நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள், நிலக்கடலை என்பீர்கள். எங்களுக்கு அது மல்லாட்டைதான். செடியிலிருந்து ஆய்ந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. ஈரச் செம்மண்ணும் பச்சைப் பருப்பின் பால் வாசனையும் கலந்து அடித்தது. ஒன்றை எடுத்து உடைத்தேன். மூன்று பருப்பு, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு.

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"சித்தி கொல்லயிலேருந்துதாம்மா. வேற யாரு காயி இப்படி இருக்கும்?" என்றாள் மகள்.

அந்த 'வேற யாரு' என்னும் இரண்டு சொல், காபி குடிக்கும்போது, பஸ் ஏறும்போது, வீட்டில் சோறு வடிக்கும்போது என்று என் கூடவே வந்தது. பெற்ற மகள் வாயிலிருந்தே வர வேண்டுமா? அவளுடைய சித்தி என்றால் மல்லிகா, என் கொழுந்தனாரின் மனைவி. எனக்கு ஓரகத்தி. அவள்மேல் எனக்கு இருபது வருடப் பொறாமை. இதை இத்தனை வெளிப்படையாக நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் எங்கள் ஊருக்கு வரப்போவதில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அங்கே நான் ஊர்ப்புற நூலகராக இருந்தேன். நூலகம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு அறை, நான்கு அலமாரி, பேப்பர் படிக்க வரும் ஏழெட்டுப் பெரியவர்கள், மழைக்கு ஒதுங்கும் ஒரு ஆடு. ஆனாலும் நான் படித்தவள் என்ற எண்ணம் எனக்கு உண்டு. மல்லிகா அஞ்சாவதோடு நின்றவள். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்குள் வந்த அன்றே இந்த வித்தியாசத்தை மனதுக்குள் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

மாமனார் தெம்பாக இருக்கும்போதே பாகம் பிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் நீர் பாயும் நிலத்தைக் கழனி என்போம், மழையை நம்பிய மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம். அவரிடம் இரண்டும் இருந்தன. கீழே கழனி, அதன் நடுவில் கிணறு. கழனிக்கு மேலே சரிவாக ஏறிப் போகும் கொல்லை, பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து யாருக்கு எது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளேயிருந்து வந்து, எங்களுக்குக் கம்மியாக இருந்தாலும் போதும், கழனியை மட்டும் வைத்துக்கொள்கிறோம், மல்லிகா வீட்டில் ரெண்டு பிள்ளை, இடம் ஜாஸ்தியாக உள்ள கொல்லையை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். படித்த பெண் படித்த பெண்தான் என்று ஒருவர் தலையை ஆட்டினார். மல்லிகா என்னை ஒரு முறை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்துவிட்டது.

ஏனென்றால் அந்தக் கொல்லையில் ஒன்றுமே இல்லை. மேல்மண் என்பது எந்தக் காலத்திலோ கழுவிக்கொண்டு போய், சரளைக் கல்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழாகவே உழுது உழுது, மழைத் தண்ணீர் ஓடிய தடங்கள் கை நுழையும் ஆழத்துக்குப் பிளந்து கிடக்கும். மல்லாட்டை போட்டால் செடிக்கு நான்கு காய், அதில் இரண்டு பொக்கு. ஒரு நல்ல மழை பெய்தால் கொல்லையிலிருந்து செந்தண்ணீர் இறங்கி நேராக என் கழனிக்குள் வந்து வண்டலை விட்டுப் போகும். அவர்கள் மண் நமக்கு ஓசியில் வருகிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் வேன் ஓட்டுகிறவர், மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படாதவர். அவர்கூட அன்றைக்குச் சிரிக்கவில்லை.

கொழுந்தனார் ஏழுமலை கொத்தனார் வேலைக்குச் சென்னைக்குப் போய்விட்டார். மாதம் ஒரு தடவை வந்தால் உண்டு. கொல்லை மல்லிகா தலையில் விழுந்தது. ஒரு மத்தியானம் அவள் நூலகத்துக்கு வந்து நின்றாள். மண்ணைப் பற்றி ஏதாவது புத்தகம் இருந்தால் கொடுக்கச் சொன்னாள். அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டுமென்று, யாரும் தொடாத புத்தகக் கட்டிலிருந்து ஒரு மெல்லிய வேளாண்மைப் பிரசுரத்தை உருவிக் கொடுத்தேன். அவள் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சாயங்காலம் பூட்டும் நேரத்துக்கு அவள் நான்காம் பக்கத்தில் இருந்தாள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுவது எப்படி என்பது நான்காம் பக்கம். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படி என்றேன். நூலகத்துக்கு அந்தப் பிரசுரம் திரும்பி வரவே இல்லை.

அடுத்த முறை ஏழுமலை ஊருக்கு வந்தபோது கட்டட வேலைக்கு மட்டம் பார்க்கும் டியூபைக் கொண்டுவந்தார். கண்ணாடி போலிருக்கும் நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்துச் சுவருக்கு மட்டம் பார்ப்பார்கள். அவர் அதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். மல்லிகா என்னிடம் வந்து, ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை, எனக்கும் வேலையில்லை. வேடிக்கையாக இருக்கட்டும் என்று போனேன்.

கொல்லையில் ஒரே மட்டமாக இருக்கும் இடங்களைப் பார்த்துப் பார்த்துக் குச்சி அடித்தோம். அடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், குடித்தவன் நடந்த வழிபோல வளைந்து வளைந்து போனது அந்தக் கோடு. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அந்தக் கோட்டின்மேல் மண்ணை வெட்டிப் போட ஆரம்பித்தாள். தினமும் வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம். வரப்புக்கு மேல்பக்கம் ஒரு நீளப் பள்ளம், வரப்பின்மேல் வெட்டிவேர், ஓரத்தில் புங்கன் கன்று. முதல் வரப்புக்கு டியூபின் மறுமுனையைப் பிடித்தது நான்தான். பிற்காலத்தில் எத்தனையோ பேர் வந்து அந்தக் கொல்லையைப் பார்த்தார்கள், ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நானாகச் சொல்லவும் முடியாது, பாருங்கள்.

முதல் வருடம் அங்கே ஒன்றும் பெரிதாக விளையவில்லை. அந்த வருடம் எனக்கு நல்ல தூக்கம். இரண்டாவது கோடையில் ஏரி வண்டலை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினாள். ஆட்டுக்காரரைப் பிடித்து, ராத்திரியில் மந்தையைக் கொல்லையிலேயே அடைத்து எருவுக்குக் கிடை போட்டாள். சரிவுக்குக் குறுக்கே உழுதாள். மல்லாட்டைக்கு நடுவே துவரையும் காராமணியும் போட்டாள். நாங்களெல்லாம் கொளுத்திவிடும் தட்டையையும் சருகையும் நிலத்திலேயே பரப்பி வைத்தாள். பார்க்கக் குப்பையாக இருந்தது. கொல்லையா குப்பைமேடா என்று நூலகத்துப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சிரித்ததில் ஒரு திருப்தி அடைந்தேன்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் குறுக்கு வழியில் கொல்லை வழியாக நடந்தேன். செருப்பு வார் அறுந்திருந்தது, கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனேன். எப்போதும் சரளை குத்தும் இடம். அன்றைக்குக் கால் மெத்தென்று உள்ளே போனது. குனிந்து பார்த்தால் மண் கருத்திருந்தது, மண்புழு எச்சம் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. மற்றவர்களுக்குப் பொறாமை கண் வழியாக வரும் என்பார்கள். எனக்குக் கால் வழியாக ஏறியது.

அதே நாட்களில் என் கழனி வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. கிணறு வற்றியதும் போர் போட்டோம். போர்த் தண்ணீரில் உப்பு. வருடத்துக்கு மூன்று போகம், ஒவ்வொரு போகத்துக்கும் போன முறையைவிடக் கொஞ்சம் கூடுதலாக யூரியா. வரப்பு ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்தது. காய்ந்தால் மண் சிமெண்டுத் தரை மாதிரி, நனைந்தால் களிம்பு மாதிரி. மகசூல் இறங்கியது. உர மூட்டை ஏறியது. ஊரிலேயே நல்ல கழனி என்று நான் தந்திரம் பண்ணி வாங்கிய கழனி.

பிறகு ஒரு காலை வீட்டுக்காரர் கிணற்றடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். ஆறேழு வருடமாகக் காய்ந்து கிடந்த கல்படி தண்ணீருக்குள் போயிருந்தது. தெளிந்த தண்ணீர். அள்ளிக் குடித்துப் பார்த்தார், உப்பில்லை.

"மல்லிகா கட்டின வரப்புதான். மேல நிக்கிற தண்ணி நமக்கு ஊறுது" என்றார்.

மழை ஜாஸ்தி, அதனால் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். அந்த வருடம் மழை கம்மி என்பது இரண்டு பேருக்கும் தெரியும். என் நிலைமையை நீங்கள் நினைத்துப் பாருங்கள். அவள் கொல்லை விளைந்தால் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அவள் பிடித்து வைத்த தண்ணீர் என் கிணற்றில் ஊறி, அதில்தான் நான் குளிக்க வேண்டும், நாற்று நட வேண்டும் என்றால் முகத்தை எங்கே திருப்புவது?

கொல்லையைப் பார்க்க ஜீப்பில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேறு ஊர் விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நூறு நாள் வேலை ஆட்கள் வந்து ஒரு பண்ணைக்குட்டை வெட்டிக் கொடுத்தார்கள். மல்லிகா வரப்பின்மேல் நின்று பேசுவாள். பெரிய பேச்சொன்றும் இல்லை, என்ன செய்தாளோ அதைச் சொல்வாள். ஒரு நாள் வந்தவர்களுக்கு நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு அதிகாரி சொம்பை வாங்கிக்கொண்டே, கீழே இருக்கிற அந்த உப்புப் பூத்த கழனி யாருடையது என்று விசாரித்தார். மல்லிகா சட்டென்று, நல்ல கழனிதான் சார், போர் தண்ணிதான் கெடுத்துடுச்சி என்று எனக்காகப் பதில் சொன்னாள். மோரைப் பிடுங்கிக் கொட்டிவிடலாமா என்றிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் பேப்பரில் அவள் படம் வந்தது. ஒரு கையில் வேரோடு பிடுங்கிய மல்லாட்டைச் செடி, சரம் சரமாகக் காய். அன்றைய பேப்பரை மடித்து என் நாற்காலிக்கு அடியில் வைத்து அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் பேப்பர் எங்கே என்றார்கள். வரவில்லை என்றேன். அவர்களில் ஒருவர் டீக்கடையில் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தார். "படிக்கிறதுக்கு இல்லம்மா, உன் ஓரகத்தி படத்த கத்திரிச்சி வெச்சிக்கலாம்னு கேட்டேன்" என்றார்.

அது ஐப்பசி. மூன்று நாளாக மழை. நூலகத்தை மத்தியானமே பூட்டிவிட்டுக் கொல்லை வழியாக வந்தேன். மழை சற்று விட்டிருந்தது. ஒவ்வொரு வரப்புக்கும் மேலே தண்ணீர் தேங்கி, படிப்படியாக வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அழகாக இருந்தது என்பதுதான் பிரச்சனை. எங்கள் மோட்டார் கொட்டகையில் மண்வெட்டி இருந்தது. போய் எடுத்துக்கொண்டு திரும்பி ஏறினேன். என் கழனிக்கு வர வேண்டிய தண்ணீரை இவள் மறித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கழனியில் அப்போது சம்பா நட்டு இருபது நாள், தேவைக்கு மேலேயே தண்ணீர் நின்றது.

மேல் வரப்பில் மூன்று வெட்டு வெட்டினேன். நான்காவது வெட்டுக்கு அவசியம் இருக்கவில்லை. வரப்பு தானாகவே வாயைத் திறந்தது. தண்ணீர் அடுத்த வரப்பை முட்டி உடைத்து, அதற்கடுத்ததையும் உடைத்து, கல்லும் மண்ணுமாகக் கீழே பாய்ந்தது. எங்கே பாயும்? என் கழனிக்குத்தான். நான் சரிவில் வழுக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் பாதி நாற்று செம்மண்ணுக்கு அடியில் போய்விட்டது. கழனி ஓரத்தில் நின்று அழுதேன். எதற்காக அழுதேன் என்று கேட்டால், நாற்றுக்காக என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எப்படி உடைந்தது என்று வீட்டுக்காரர் கேட்டார். மல்லிகா உடைந்த இடத்தில் குனிந்து, வெட்டின விளிம்பைக் கையால் தடவினாள். பிறகு என் புடவைக் கரையைப் பார்த்தாள், செம்மண் அப்பியிருந்தது. நண்டு வளை போட்டிருக்கும், அதனால்தான் உடைந்தது என்றாள். நண்டு வளையால் வரப்பு உடைவது சகஜம், எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாள் நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு கூடையோடு வந்துவிட்டாள், என் கழனியில் விழுந்த மண்ணை அள்ள. தன் வரப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நாற்று தாங்காது என்றாள். மூன்று நாள் அள்ளினார்கள். மூன்றாம் நாள் மற்றவர்கள் கரையேறிய பிறகு, வாய்க்காலில் இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டிருந்தோம். அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நண்டு மம்முட்டி எடுத்துனு வராதுக்கா. அடுத்த தபா தண்ணி வேணும்னா கேளு, நானே தொறந்து உடுறேன்."

நான் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். அவள் கத்தியிருந்தால், ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருந்தால், எங்கள் சண்டை அன்றோடு சமமாகியிருக்கும். அவள் இன்றுவரை ஏழுமலையிடம்கூடச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வைகாசியில் ஒரு பை தக்கைப்பூண்டு விதை கொண்டுவந்து கொடுத்தாள். கழனியில் விதைத்து, பூ விடுகிற சமயம் அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும், கிணற்றுத் தண்ணீரையே பாய்ச்சி இரண்டு தடவை இப்படிச் செய்தால் உப்புக் கம்மியாகும், யூரியாவையும் குறைக்கலாம் என்றாள். வீட்டுக்காரர் செய்து பார்க்கலாம் என்றார், கெஞ்சினார் என்றே சொல்லலாம். அஞ்சாவது படித்தவள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன், எலி தின்றது. நான்கு அலமாரிப் புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, நான் எடுத்துக் கொடுத்த புத்தகத்திலிருந்தே அவள் கற்றுக்கொண்டதைக் கற்றுக்கொள்ள மனம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, மனை போட்டு விற்கிறவர் வந்து கேட்டபோது கழனியைக் கொடுத்துவிட்டோம். நான்தான் முதலில் சரி என்றேன். அப்புறம் டவுனுக்கு வந்துவிட்டோம்.

மகளின் கடையில் மல்லாட்டையைப் பார்த்துவிட்டு வந்த இரண்டாம் நாள், காரணம் ஏதும் சொல்லாமல் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். கொல்லையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மல்லிகாவுக்கும் தலை நரைத்திருக்கிறது, அதில் ஒரு சின்ன ஆறுதல். ஏழுமலை இப்போது சென்னைக்குப் போவதில்லை. கொல்லையே இரண்டு பேருக்கும் வேலை கொடுக்கிறது. என்னைப் புங்க மர நிழலில் உட்கார வைத்து, ஒரு முறம் காயைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவளும் உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் வெட்டிய இடம் எது என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அவள் வரப்புகளைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். எங்கும் வெட்டிவேர் புதராக மண்டியிருந்தது. "இதுவோ, அடுத்ததோ... ஞாபகம் இல்லக்கா" என்றாள்.

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, உண்மையிலேயே அவளுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு அந்த மூன்று வெட்டும் கையில் அப்படியே இருக்கிறது. அவளுக்கு விளைந்ததெல்லாம் போகட்டும், அந்த மறதியையாவது எனக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

அங்கிருந்து கீழே பார்த்தால் கழனி இருந்த இடம் முழுக்கத் தெரியும். மஞ்சள் அடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கின்றன. தெருவுக்கென்று விட்ட இடத்தில் சீமைக்கருவேல் முளைத்திருக்கிறது. ஒரு வீடுகூட எழும்பவில்லை. வரப்பு இல்லை, மோட்டார் கொட்டகை இல்லை. கிணற்றை லாரி லாரியாக இடிபாட்டைக் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். அது எந்த இடத்தில் இருந்தது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன், பிடிபடவில்லை.

மல்லிகா கை நீட்டிக் காட்டினாள். "அந்த மூணாவது கல்லாண்டக்கா. மழ உட்டு எல்லா எடமும் காஞ்சாலும், அது மட்டும் நாலு நாளு ஈரமாவே இருக்கும்."

வருடக்கணக்காக அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோறு பொங்கியவள் நான். அதையும் அவள்தான் பார்த்து வைத்திருக்கிறாள்.